அசையாத தட்டு

ஆய்வுக்கூடத்தில் அவனைப் பாலாடை என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டில் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. அவன் வளர்த்த பாக்டீரியாக்கள் சர்க்கரைக் கரைசலின் மேல் செல்லுலோஸை ஆடையாகப் படர விடும். பதினான்கு நாளில் சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரே தாள். அதை வலிமை அளக்கும் இழுவை இயந்திரத்தில் கிழித்துக் காட்டினால்தான் ஆய்வேடு முடியும். இயந்திரம் திங்கட்கிழமை கிடைக்கும். விட்டால் ஆறு மாதம்.

நிபந்தனை ஒன்றே ஒன்று. கரைசல் ஊற்றிய தட்டு அசையக் கூடாது. அசைந்தால் ஆடை முங்கிவிடும், மேலே புதிதாக ஒன்று தொடங்கும். இதை முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான்.

விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். அறை நண்பன் கல்யாணமாகிப் போனதிலிருந்து விடுதி அறையில் மின்விசிறி மட்டும்தான் சத்தம் போட்டது. அக்கா போனில் கேட்டாள்:

"சாப்டியாடா?"

"ஆச்சு."

"யார்கூட?"

"ஒரு கோடி பேரோட."

"அந்தக் கிருமிங்களா? அதுல ஒண்ணாச்சும் வாயத் திறந்து பேசுமா?"

"உன்னை மாதிரி குறுக்க பேசாது."

"இரு, வந்து உதைக்கிறேன்" என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

தினமும் மாலை அவன் தட்டை அலமாரியில் அது இருந்த இடத்தை விட்டு ஒரு சாண் மட்டும் முன்னே இழுப்பான். அன்றைய சேதியைச் சொல்லிவிட்டு, மெதுவாக, மிக மெதுவாக, உள்ளே தள்ளிவிடுவான். மெதுவாகச் செய்தால் அசைத்தது ஆகாது என்பது அவன் கட்சி. கரைசல் எதிர்க்கட்சி.

திங்கட்கிழமை ஆய்வு வழிகாட்டி மேடம் இடுக்கியால் ஆடையைத் தூக்கினார். ஒரு தாள் வந்தது. அடியில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. ஈர நோட்டுப்புத்தகம் மாதிரி.

"பன்னெண்டு" என்றார் மேடம். "தினம் தொட்டிருக்கே."

"வெப்பநிலை ஏறி இறங்கி..."

"வெப்பநிலைக்குக் கை இருக்காப்பா?" நடுவிலிருந்த ஒன்றை உயர்த்திப் பிடித்தார். "இது மட்டும் ஏன் இவ்வளவு தடிமன்?"

அவன் தரையைப் பார்த்தான்.

"அப்போ ரெண்டு நாள் அக்கா வந்திருந்தா, மேடம்."

மேடம் அந்தத் தாளைத் திரும்பத் தட்டில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இயந்திர அறைக்குப் போன் செய்து, இன்றைக்கு வரவில்லை என்றார்.

"புதுசா ஆரம்பி. ஆய்வுக்கூடச் சாவி என்கிட்ட இருக்கட்டும்."

"சரிங்க மேடம்."

"சாயங்காலம் என்ன பண்ணுவே?"

ஆறு மாதம் இருந்தது, யோசிக்க.