முதல் பக்கம், இரண்டாவது பாட்டு

இருநூறு தையல் மிஷின்கள் ஒன்றாய் ஓடும் கூடத்தில், எந்த மிஷினுக்கு என்ன கோளாறு என்று நடந்துகொண்டே சொல்லிவிடுவாள் மெக்கானிக்கம்மா. கண்ணால் பார்த்து அல்ல, காதால் கேட்டு. "மூணாவது வரிசையில ஏழாவது மிஷினை நிறுத்துங்க, இன்னும் பத்து நிமிஷத்துல ஊசி உடையும்" என்பாள். அவள் பேச்சைக் கேட்காமல் ஓட்டியவர்கள், உடைந்த ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அசடு வழிய அவளிடமே வந்து நின்றிருக்கிறார்கள்.

அந்தக் காது ஒரு காய்ச்சலில் போயிற்று. பதினோரு நாள். முதலில் இடது, பிறகு வலது. அப்போது அவளுக்கு நாற்பத்து நான்கு வயது.

தொழிற்சாலையில் அவளை வெளியே அனுப்பவில்லை. நூல் ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். வெள்ளை நூல் ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம். அந்த வேலைக்குக் கண் இருந்தால் போதும்.

வீட்டில் அவளும் கணவரும் மட்டும்தான். அவர் பஸ் கண்டக்டர். இருபது வருஷம் "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று கத்திப் பழகியவர்; வீட்டில் அவர் தண்ணீர் கேட்டால்கூடப் பக்கத்து வீட்டில் சொம்பை எடுப்பார்கள். அப்படிப்பட்ட மனுஷர் வாயடைத்துப்போனார். சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டினார். அவர்கள் இருவருக்கும் இருந்த ஒரே ஆடம்பரம் நூற்று முப்பது இசைத்தட்டுகளும் ஒரு ரெக்கார்டு பிளேயரும். விடுமுறை நாளில் காலைக் காப்பி ஆறிப்போகும் வரை கேட்பார்கள். அவளுக்குக் காது போன வாரமே அவர் பிளேயரைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார். "நீங்களாவது கேளுங்களேன்" என்று அவள் சொன்னதற்கு, "எனக்கும் கேட்கவில்லை" என்று நோட்டில் எழுதினார். அன்று அவள் அவரோடு பேசவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு ஆபரேஷன் இருக்கிறது என்றார்கள். காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஒரு கருவி வைத்துத் தைத்தார்கள். காயம் ஆறியதும், அதற்கு நேராக வெளியே ஒட்டிக்கொள்ளும் காந்த வட்டு ஒன்றும், காதில் மாட்டும் சின்னப் பெட்டி ஒன்றும் கொடுத்தார்கள். அதை முதன்முதலில் முடுக்கிய நாளில் பயிற்சி டீச்சர் எதிரே உட்கார்ந்து வாயசைத்தாள். யாரோ தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கினார்கள். அதுதான் 'வணக்கம்' என்று பிறகு தெரிந்தது.

கண்டக்டர் குனிந்து அவள் முகத்தருகே வந்தார். "நான்தாம்மா" என்று அவர் உதடு சொன்னது. அதே நேரத்தில் ஏதோ ஒரு வாத்து, சீப்பின் பற்களுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டதுபோல் கத்தியது. மெக்கானிக்கம்மா ஓவென்று அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து அறையில் இருந்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல், கல்மழை.

"மூளை பழகணும். தினம் பத்து மணி நேரமாவது மாட்டிக்கிட்டே இருங்க" என்று டீச்சர் எழுதிக் கொடுத்தாள்.

ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினாள். தண்ணீர்க் குழாய், கதவு, கணவர் குரல் எல்லாமே ஒரே தகரம். பஸ்ஸில் ஒரு குழந்தை சிரித்ததை பிரேக் கிறீச்சிட்டது என்று நினைத்து முன்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சூப்பர்வைசர் நல்ல மனுஷர்; "ஒரு தடவை லைனுக்கு வந்து பாருங்கம்மா, பழைய ஞாபகம் வரும்" என்று ஒரு சீட்டில் எழுதிக் கூப்பிட்டார். போனாள். இருநூறு மிஷின்களும் சேர்ந்து அவள் மண்டைக்குள் இறங்கின. நாலடிதான் வைத்தாள். துணி வெட்டும் மேஜைக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தாள். தையல்காரப் பெண்கள் ஓடி வந்து முதுகைத் தடவினார்கள். ஏழாவது மிஷின்காரி அழுவதை அவள் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கருவியைக் காதிலிருந்து பிடுங்கி, பொத்தான் போட்டு வைக்கும் டப்பாவில் எறிந்தாள்.

"உள்ள வச்சுத் தைச்சிருக்காங்களே, அதையும் எடுக்கச் சொல்லுங்க. நான் செவிடியாவே இருந்துட்டுப் போறேன். அப்பவாவது நிம்மதியா இருந்தேன்."

கண்டக்டர் நோட்டை எடுத்தார். பேனாவைத் திறந்தார். ஒன்றும் எழுதாமல் குளியலறைக்குப் போனார். வெகுநேரம் ஆகியும் வரவில்லை என்று அவள் போய்ப் பார்த்தாள். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. அவர் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் குழாய் முழுவதுமாகத் திறந்திருந்தது. வாளி நிரம்பி வழிந்தது. செவிட்டு மனைவிக்குக் கேட்டுவிடக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டு அழுத அந்த மனுஷரைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே வேறாகிவிட்டது. போய் டப்பாவில் துழாவி, பொத்தான்களுக்கு நடுவிலிருந்து அதை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அடுத்த தடவை டீச்சர் வேறு வழி எழுதிக் கொடுத்தாள். "புதுசா எதையும் கேக்காதீங்க. உங்களுக்கு வரிக்கு வரி மனப்பாடமா தெரிஞ்ச ஏதாவது இருக்கா? அதைக் கேளுங்க. அடுத்து என்ன வரும்னு மூளைக்கே தெரிஞ்சிருக்கணும்."

கண்டக்டர் உடனே நோட்டில் எழுதினார்: ரெக்கார்டு.

"வேண்டாம்" என்றாள் மெக்கானிக்கம்மா. அந்த அறையே அதிர்ந்திருக்க வேண்டும். டீச்சர் பின்னால் சாய்ந்தாள்.

காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இந்த இரண்டு வருஷமும் அவள் பாட்டுக் கேட்காமல் இருந்ததே இல்லை. நூல் ஸ்டோரில் உட்கார்ந்து, மனசுக்குள்ளேயே ஒரு தட்டை உறையிலிருந்து எடுத்து, தூசி துடைத்து, ஊசியை வைத்து, முதல் பக்கம் முழுவதும் ஓட விடுவாள். தபலா, குழல், பாடகியின் மூச்சு, எதுவும் குறையாமல் அப்படியே வரும். காய்ச்சல் தொடாமல் விட்டது அது ஒன்றுதான். அதையும் இந்தத் தகரக் காதுக்குத் தின்னக் கொடுக்கச் சொல்கிறார்களே!

ஆனால் கண்டக்டர் மன்றாடினார். நோட்டில் நாலு பக்கத்துக்கு மன்றாடினார். நாலாவது பக்கத்தில் எழுத்து கோணியிருந்தது. சரி என்றாள்.

விடுமுறை நாளில் பிளேயர் பரணிலிருந்து இறங்கியது. அவளுக்கு மிகவும் பிடித்த தட்டைக் கண்டக்டர் எடுத்து வைத்தார். ஊசி இறங்கியது. மெக்கானிக்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள். யாரோ மொட்டை மாடியில் தகரத் தகடுகளை இழுத்துப்போனார்கள். குழல் வர வேண்டிய இடத்தில் ரம்பம் வந்தது. பாடகி வர வேண்டிய இடத்தில், அந்த வாத்து. பாதிப் பாட்டில் எழுந்து ஊசியைத் தட்டிவிட்டாள். அன்றே பிளேயர் மறுபடி பரணேறியது.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாள் நூல் ஸ்டோரில் உட்கார்ந்து வழக்கம்போல் மனசுக்குள் அந்தத் தட்டை வைத்தாள். அங்கேயும் தகரம் இழுபட்டது. வேறு தட்டை வைத்தாள், அதிலும் அதே ரம்பம். மூன்று நாள் விடாமல் முயன்றாள். பயந்தது நடந்தே விட்டது. மிச்சமிருந்த ஒன்றையும் தொலைத்தாயிற்று. நீல நூல் கேட்டு வந்த பெண்ணிடம் வெள்ளையைக் கொடுத்துவிட்டு, பெட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். இனி எதற்காக வீட்டுக்குப் போவது என்று யோசித்தாள். போகவும் கால் வரவில்லை, இருக்கவும் மனசில்லை.

நாலாம் நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். கண்டக்டர் டியூட்டியில் இருந்தார். அவளே ஏணி வைத்துப் பிளேயரை இறக்கினாள். ஆசையோடு இல்லை, ஆத்திரத்தோடு. இழக்க இனி என்ன இருக்கிறது?

அதே தட்டைச் சுழல விட்டதுமே அவள் கண்ணை ஒன்று உறுத்தியது. கைக்கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து, தட்டின் நடுவில் உள்ள லேபிளைப் பார்த்து எண்ணினாள். நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சுற்று வர வேண்டும். இருபத்தொன்பதுதான் வந்தது. இரண்டு வருஷம் பரணில் கிடந்ததில் ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தது. கண்டக்டர் அன்றிருந்த பதற்றத்தில் அதைக் கவனித்திருக்க மாட்டார்.

அப்போது அவள் நெஞ்சு அடித்துக்கொண்ட விதம் அவளுக்கே கேட்டிருக்கும். கோளாறு காதில் இல்லை, மிஷினில்! பெல்ட்டைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டாள். ரப்பர் கொஞ்சம் இறுகும். துடைத்து மாட்டினாள். எண்ணினாள்: முப்பத்து மூன்று. ஊசியை வைத்தாள்.

அதே தகரம். கொஞ்சம் வேகமாக இழுபட்டது, அவ்வளவுதான்.

மெக்கானிக்கம்மா தரையில் அப்படியே சரிந்தாள். ஊசியை எடுக்கக்கூடத் தெம்பில்லை. முதல் பாட்டு முடிந்து இரண்டாவது பாட்டு இழுபட ஆரம்பித்தது. ஓடட்டும், என்னவோ செய்யட்டும் என்று கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

டக்.

தகரத்துக்கு நடுவில் சின்னதாக ஒன்று. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி, டக். மறுபடி, டக். அவள் மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். தட்டு ஒரு சுற்று வரும்போதெல்லாம் ஒரு டக். பதினான்கு வரை எண்ணினாள். பிறகு நின்றுவிட்டது.

அது கீறல். வீடு மாறியபோது அலமாரி மூலையில் இடித்து விழுந்த கீறல். அன்று கண்டக்டரோடு அவள் போட்ட சண்டையில் இரண்டு நாள் வீட்டில் உலை வைக்கவில்லை. பதினான்கு டக், எத்தனை தடவை எரிச்சலோடு எண்ணியிருக்கிறாள்! உலகத்தில் எல்லாச் சத்தமும் வேஷம் மாற்றிக்கொண்டு வந்தபோது, அது மட்டும் அப்படியே வந்திருந்தது.

அவளுக்குள் இருந்த மெக்கானிக் விழித்துக்கொண்டாள். கீறல் தொடங்கும் இடத்தில் பாடகி 'இன்னும்' என்ற சொல்லை இரண்டு தடவை பாடுவாள். முதல் டக்குக்கும் இரண்டாவது டக்குக்கும் நடுவில் ஒரு தடவை, அடுத்த இடைவெளியில் ஒரு தடவை. அப்படியானால் அங்கே இழுபடும் அந்தத் தகரத்துக்குப் பெயர் 'இன்னும்'. ஊசியைத் தூக்கி மறுபடி அதே இடத்துக்கு முன்னால் வைத்தாள். மறுபடி. மறுபடி. கண்டக்டர் டியூட்டி முடிந்து வந்து கதவைத் திறந்தபோது, அவள் கையை உயர்த்தி அவரை வாசலிலேயே நிறுத்தினாள். முப்பதாவது தடவையோ நாற்பதாவது தடவையோ, தகரத்தின் ஓரம் லேசாக விலகி, உள்ளே ஒரு பொம்பளை 'இன்னும்' என்றாள்.

"என்ன ஆச்சு?" என்றார் கண்டக்டர்.

"பேசாதீங்க."

அன்று தொடங்கிய கூத்து இரண்டு மாதம் நடந்தது. வேறு தட்டு கிடையாது. அந்தப் பக்கம், அந்தப் பாட்டு. காலையில் வேலைக்குப் போகும் முன் அரை மணி நேரம், வந்ததும் இரண்டு மணி நேரம். 'இன்னும்' கிடைத்ததும் அதற்கு அடுத்த சொல்லுக்குப் போனாள், பிறகு அதற்கு அடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "அந்த இன்னும் இன்னும் எப்பங்க முடியும்?" என்று கேட்டார். கண்டக்டருக்கும் அந்தப் பாட்டைக் கேட்டாலே பல் கூசியது, ஒரு நாள் பஸ்ஸில் "டிக்கெட் வாங்காதவங்க இன்னும்... இன்னும்..." என்று ராகம் போட்டு இழுத்துவிட்டதாக வந்து சொன்னார். அதை அவர் எழுதிக் காட்டவில்லை, வாயால் சொன்னார். அவளுக்குப் பாதிக்கு மேல் புரிந்தது.

தபலா வந்தது. முதலில் வெறும் தட்டலாக, பிறகு தட்டும் விரலும் உள்ளங்கையும் தனித்தனியாக. ஆனால் ராகம் வரவில்லை. சொற்கள் மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் தெரியவே இல்லை. எல்லாம் ஒரே மட்டத்தில், பஸ் போகும் ஊர்ப் பெயரை வாசிப்பதுபோல் வந்தன. குழல் ரம்பமாகவே இருந்தது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, டீச்சரிடம் நேராகவே கேட்டாள்.

டீச்சர் பொய் சொல்லவில்லை. "பேச்சு நல்லா வந்துடும்மா. ராகம் முழுசா வராமலே போகலாம். இந்தக் கருவியோட எல்லை அது" என்றாள். மெதுவாக, முகத்தைப் பார்த்துச் சொன்னாள். முதல் தடவையிலேயே ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. கேட்காமலே இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவள் பிளேயர் பக்கம் போகவில்லை. மூடியின் மேல் தூசி படிந்தது. கண்டக்டர் அதைத் துடைப்பதும், அவள் முகத்தைப் பார்ப்பதும், தள்ளிப்போவதுமாக இருந்தார்.

பத்தாவது நாள் அவர் பீரோவுக்குப் பின்னால் கையை விட்டு, பழுப்புக் காகிதத்தில் சுற்றிய ஒன்றை இழுத்தார். பிரிக்காத புது ரெக்கார்டு.

"எப்ப வாங்கினீங்க?"

"உனக்குக் காய்ச்சல் வந்தப்ப. குணமாகி எழுந்ததும் குடுக்கலாம்னு வாங்கினேன். அப்புறம்..." வார்த்தையை முடிக்காமல் காகிதத்தின் ஓரத்தை நகத்தால் கீறினார். "ரெண்டரை வருஷமா இதை ஒளிச்சு வச்சுக்கிட்டுத் திருடன் மாதிரி இருக்கேன். தூக்கிப் போடவும் மனசு வரல. கேக்கணும்னா கேளு, இல்ல யாருக்காவது குடுத்துடலாம்."

அவள் காகிதத்தைப் பிரித்து, உறையைத் திருப்பிப் பார்த்தாள். தெரியாத பாடகர். தெரியாத பாட்டுகள். மனப்பாடமாக ஒரு வரிகூடக் கிடையாது. பிடித்துக்கொள்ள ஒரு கீறல்கூட இல்லை.

"நீங்க கேட்டுட்டீங்களா?"

"உன்னை விட்டுட்டா?"

அவள் உறையின் வாயைத் திறந்தாள். பிறகு தட்டை ஓரத்தில் பிடித்து எடுத்து, சுழல விட்டு, ஊசியை இறக்கினாள். முதல் சுற்றிலேயே தெரிந்துபோயிற்று: தகரம்தான். ஆணிகள், ரம்பம், எங்கோ ஒரு பக்கம் தபலா மாதிரி ஏதோ. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. கண்டக்டர் அவள் கை எப்போது ஊசியைத் தட்டிவிடும் என்று பார்த்துக்கொண்டே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அவள் தட்டிவிடவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, முழுசாக, ஒரு பக்கம் முடியும் வரை உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஊசி எழுந்தது.

"ஏதாவது புரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் புரியல" என்றாள். "திருப்பிப் போடுங்க."