பாதிப் புத்தகக்காரர்கள்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட திரைச்சீலையும் தரைவிரிப்பும் விற்கும் முனாப் ஹாஜியார் புத்தகங்களை நடுவால் வெட்டுவார் என்று சொன்னால் படித்த மனிதர்கள் முகம் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும். இரண்டு பேர், இரண்டு பேருக்கும் தாங்க முடியாத அவசரம், ஆனால் ஒரே ஒரு பிரதி என்றால் அவர்களும் கத்தியைத்தான் தேடுவார்கள்.

மற்றவர் விவேகானந்தன். யாழ்ப்பாணத்துக்காரர், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றுக் குண்டசாலையில் வீடு கட்டிக்கொண்டவர். பல வருஷங்களுக்கு முன் திரைச்சீலை வாங்கக் கடைக்கு வந்தவர், அங்கே ஓடிக்கொண்டிருந்த சின்னத் தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு யன்னல் அளவையே மறந்து நின்றார். ஓடியது ‘நைன்த் ரிலே’ என்ற ஆங்கில விண்வெளித் தொடர். ஹாஜியாரும் அதற்குப் பைத்தியம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட சிநேகிதம்.

தொடரைத் தயாரித்தவர்கள் அதை அந்தரத்தில் விட்டார்கள். உடைந்துபோன நிலையம், அதில் தனியாகக் கப்டன் ஒரென், சண்டை பிடித்துக்கொண்டு போய்விட்ட இயந்திரக்காரன் தாஸ்கா. அதோடு சரி. இரண்டு பேரும் வீட்டில் ஒரு மையித்து விழுந்து துக்கம் காக்கிற மாதிரித் திரிந்தார்கள். பிறகுதான் கனடாவில் இருக்கும் விவேகானந்தனின் மகள் தனுஷியா, மிச்சக் கதை நாவல்களாக வருகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னாள். புதிது வரும்போதெல்லாம் ஒன்று வாங்கி அனுப்புவாள். ஒன்றுதான் அனுப்புவாள். இரண்டு கேட்க இருவருக்கும் வெட்கம்.

ஆங்கிலம் இரண்டு பேருக்கும் தண்ணீர் பட்ட பாடு, காத்திருக்கத்தான் முடியாது. ஆகவே தரைவிரிப்பு வெட்டும் கத்தியால் ஹாஜியார் புத்தகத்தை இரண்டாக்குவார். ஒருவர் முதற்பாதியை முடித்து மற்றவரிடம் கொடுத்துவிட்டு இரண்டாம் பாதிக்குப் போவார். யார் முந்தி என்பது முறை வைத்து மாறும். இரண்டு பேரும் கடைசிப் பக்கத்தைத் தாண்டும்வரை கதையைப் பற்றி ஒரு சொல் பேசக்கூடாது. அதன்பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை, பின்னேர அஸர் தொழுதுவிட்டு ஹாஜியார் குண்டசாலைக்குப் போவார். விவேகானந்தன் வீட்டு விறாந்தையில் பிரம்புக் கதிரை ஒன்று இருக்கிறது. அதில் உட்கார்ந்து தேத்தண்ணீரோடு பேச ஆரம்பித்தால் இரவு இஷாத் தொழுகை வரைக்கும் போகும். கிழமை முழுக்கக் கடையில் பேரம் பேசுகிற வாய்க்கு அந்த ஒரு மாலைதான் விருந்து.

இதற்குள்தான் கிருஷாந்தி வந்தாள். கண்டியில் ஒரு வங்கியில் வேலை. விவேகானந்தனின் மேல்வீட்டில் வாடகைக்கு இருந்தாள். ஒரு ஞாயிறு ஹாஜியார் போனபோது பிரம்புக் கதிரையில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

“முனாப், இவ கிருஷாந்தி. எங்கட ஆள்தான், ‘நைன்த் ரிலே’ முழுக்கப் பாத்திருக்கிறா” என்றார் விவேகானந்தன்.

எங்கட ஆள்! ஹாஜியாருக்கு அந்தச் சொல் முள்ளாகத் தைத்தது. வாரத்துக்கு ஒன்று, மின்வெட்டுக்கும் மழைக்கும் நடுவில், வருஷக்கணக்கில் காத்திருந்து பார்த்ததை இவள் இணையத்தில் ஒரே கிழமையில் விழுங்கியிருக்கிறாள். அதையும் பெருமையாகச் சொன்னாள். அவரைக் கண்டதும் எழும்பிக் கதிரையை விட்டுக்கொடுத்தது அதைவிட மோசம். மரியாதை தெரியாத பெண்ணாக இருந்திருந்தால் மனிதர் நிம்மதியாகக் கோபப்பட்டிருப்பார்.

கடைசி நாவல் வந்தபோது முதற்பாதி ஹாஜியாரின் முறை. வாசித்தார், கொடுத்தார், இரண்டாம் பாதியைத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து விவேகானந்தன் போன் எடுத்தார்.

“முடிஞ்சுதோ? முதற்பாதி எனக்கும் முடிஞ்சுது, மேல்வீட்டுப் பிள்ளைக்கும் முடிஞ்சுது. ரெண்டு பேரும் இருந்து அலசி எடுத்திட்டம். மிச்சம் எப்ப வருமெண்டு நெடுகக் கேக்கிறா.”

“இன்னும் முடியல்ல சேர், கடையில வேல கூட” என்று ஹாஜியார் போனை வைத்தார். அலசி எடுத்துவிட்டார்களாம். இத்தனை வருஷக் கட்டுப்பாடு ஒரு வாடகைக்காரிக்காகக் காற்றில் பறந்துவிட்டது. இது பொறாமைதான், வேறு பெயர் வைத்துப் பயனில்லை. மனைவி பஸீஹா பகல் சோறு அனுப்பியிருந்தாள். அதைத் திறந்தும் பார்க்கவில்லை.

அன்று பின்னேரமே கடைசி அத்தியாயத்துக்கு வந்தார். அதற்கு முந்தின அத்தியாயத்தில், நிலையத்தை விட்டுத் தப்பிப் போகும் கடைசி விண்படகின் கதவில் கை வைத்தபடி ஒரென் நிற்கிறான். கடைசி அத்தியாயத்தில் அவன் படகில் ஏறவில்லை. திரும்பிக் கீழே போகிறான். அங்கே தாஸ்கா இருக்கிறான், எப்போதோ வந்து சேர்ந்து, சொல்லாமல் காத்திருக்கிறான். இரண்டு கோப்பையில் சூடாக எதையோ ஊற்றி வைத்திருக்கிறான். இரண்டு கிழவர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, வெறும் படகு போவதைப் பார்க்கிறார்கள். ஹாஜியார் காசு மேசையில் இருந்தபடியே கண்ணைத் துடைத்தார்.

துடைத்த கையோடு கத்தியை எடுத்தார். கடைசி அத்தியாயத்தை மட்டும் சுத்தமாக வெட்டி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திட்டம் எளிது. இரண்டு பேரும் அந்தக் கதவுவரை வந்து முட்டிக்கொண்டு நிற்கட்டும். விவேகானந்தன் போன் எடுத்துக் கெஞ்சட்டும். பிறகு தான் போய், பிரம்புக் கதிரையில் சாய்ந்து, பையிலிருந்து மிச்சத்தை எடுத்து வாசிக்க, அந்தப் பெண் வாயைப் பிளந்து கேட்கட்டும். ஐம்பத்தெட்டு வயதில் குழந்தைப்பிள்ளைக் குணம். அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

விவேகானந்தன் பஸ் எடுத்து வந்து இரண்டாம் பாதியை வாங்கிப் போனார். ஹாஜியார் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நாட்கள் போயின. கடைசியில் வந்த அழைப்பும் ஐந்து சொல்தான்: “ஞாயிறு வாரும். கதைக்க நிறையக் கிடக்கு.” கெஞ்சல் தொடங்கிவிட்டது என்று மனிதருக்கு உச்சி குளிர்ந்தது. புதுச் சட்டை போட்டு, மடித்த தாள்களை அதன் பைக்கு மாற்றிக்கொண்டு புறப்பட்டார்.

விறாந்தையில் அவருடைய கதிரை காலியாக இருந்தது. உட்காரும்வரை விவேகானந்தனுக்குப் பொறுக்கவில்லை.

“என்ன முடிவு ஐசே! கதவிலை கையை வைச்சபடி நிக்கிறான். போறானோ திரும்புறானோ எண்டு சொல்லேல்ல. அப்பிடியே விட்டிட்டான். அப்பிடி விட எழுதிறவனுக்கு எவ்வளவு துணிவு வேணும்!”

கிருஷாந்தி தான் அழுதுவிட்டதாகச் சொன்னாள். இந்தத் தொடரில் வந்த எல்லாவற்றிலும் இதுதான் உயர்ந்த இடம் என்றாள்.

ஹாஜியாரின் முகத்தில் ஈயாடவில்லை. அவர்களுக்கு ஏன் சந்தேகம் வரவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அவர்களிடம் இருக்கும் புத்தகம் எல்லாமே வெட்டுப்பட்ட ஓரமும் கழன்ற பின்னட்டையும்தான். அந்தரத்தில் நிற்கும் கதையும் புதிதில்லை. தொலைக்காட்சியே அவர்களை அதற்குப் பழக்கியிருந்தது. கத்தி வைத்த இடத்தை முடிவென்று நம்ப அவர்களைவிட ஏற்ற ஆட்கள் உலகத்தில் கிடையாது.

ஹாஜியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஒரென் திரும்பிப் போனா எப்புடி இரிக்கும் சேர்? கீழ தாஸ்கா வந்து காத்துட்டு இரிக்கான். ரெண்டு பேரும் பக்கத்துல குந்தி, தேத்தண்ணி மாதிரி ஒண்ட குடிச்சிட்டு, வெறும் படகு போறத பாக்குறாங்க.”

விவேகானந்தன் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

“உமக்கு நல்ல மனசு முனாப். ஆனா அது கதையைக் கெடுத்துப்போடும்.”

“ரெண்டு கிழவர் தேத்தண்ணி குடிக்கிறதோடை முடிஞ்சா சிரிப்பாப் போயிடும் அங்கிள்” என்றாள் கிருஷாந்தி. நோகப் பேச வேண்டும் என்று அவள் பேசவில்லை. விவேகானந்தன் அதற்குச் சிரித்தார். எழுதினவனுக்கு நல்லகாலம் அந்த எண்ணம் வரவில்லை என்றும் சொன்னார்.

ஹாஜியாரின் கை சட்டைப் பைக்குப் போனது. எடுத்து மேசையில் போட்டால் போதும், இரண்டு பேரின் மூக்கும் உடையும். ஆனால் அந்தத் தாள்களோடு சேர்ந்து அவற்றை வெட்டிய கையும் வெளியே வரும். ஏன் வெட்டினீர் என்று விவேகானந்தன் கேட்பார். அந்தப் பெண்ணுக்கு முன்னால் அதற்கு என்ன பதில் சொல்வது? கை பையைத் தடவிவிட்டுத் திரும்பிவந்து தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டது. நல்ல முடிவுதான் சேர் என்று ஒப்புக்கொண்டார்.

அந்தக் கதவைத் திறந்து ஒரென் படகில் ஏறிப் போயிருப்பான் என்று விவேகானந்தன் தொடங்கினார். ஏறியிருக்கவே மாட்டான் என்று கிருஷாந்தி கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவர் பழைய நாவல் ஒன்றிலிருந்து சாட்சி சொன்னார், அவள் தொடரின் முதல் பாகத்திலிருந்து மறுத்தாள். இதை இன்றைக்கு முடிக்க ஏலாது, நாளைக்கும் இருந்து கதைக்க வேணும் என்றார் விவேகானந்தன். ஓம் என்றாள் அவள். மேல்வீட்டுக்காரிக்கு அதற்கு ஒரு மாடிப்படி இறங்கினால் போதும்.

ஒரெனுக்கு என்ன நடந்தது என்று அந்த விறாந்தையில் தெரிந்த ஒரே ஆள் முனாப் ஹாஜியார். அவரை யாரும் கேட்கவில்லை. அந்த இரண்டு பேருக்கும் காலத்துக்கும் பேசித் தீராத ஒரு முடிவைத் தன் கையாலேயே வெட்டிக் கொடுத்துவிட்டு, அவர் ஆறிப்போன தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.