கூப்பிடாதவன்

கூடத்து மூலையில் சார்ஜில் கிடந்த போனை உருவப் போன கிரீஷின் கையைச் சீதாலக்ஷ்மி பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்டா."

"அப்பாவே போயாச்சு. இனி யாருக்கும்மா சார்ஜ்?"

"இருக்கட்டும்னேன்."

ஈரவேட்டியோடு நின்ற மகன், சடங்கு செய்ய வந்த வாத்தியார் கூப்பிட்டதும் போனான். தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்த கணவர் நாகேஸ்வரனை அவள் பார்த்தாள். கோபம் கோபமாக வந்தது. அழுகையைக்கூட அது வரவிடவில்லை.

ஊர் ஊராகச் சரக்குக் கிட்டங்கி வைத்திருக்கும் பெரிய கம்பெனி. அத்தனை கிட்டங்கிக்கும் அவர்தான் தலைமை. பெரிய பதவியில் இருப்பவர்கள் ஓய்வுபெறும் முன்பே அடுத்த ஆளைத் தயார்செய்துவிட வேண்டும் என்று அங்கே திட்டம் கொண்டுவந்ததும் அவரே. பொறுப்பை அந்த அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் லீவில் போய்விட வேண்டும். என்ன ஆனாலும் அவன் போனில் கூப்பிட்டுக் கேட்கக்கூடாது. முதல் ஆளாக அவரே, தனக்கு அடுத்திருந்த விஜய்குமாரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுக் கரமனை வீட்டில் வந்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்தாரா எங்கே? குளிக்கப் போனாலும் போன் கூடவே. "மணியடிச்சுதோடி?" என்று கேட்டுக் கேட்டு அவள் பிராணனை வாங்கினார். சாதத்தைப் பிசைந்துவிட்டு, "பாத்தியாடி, இன்னிக்கும் அவன் கூப்பிடவே இல்லை. ஒரு சந்தேகம்கூடவா வராது? நான் அவ்வளவுதானா?" என்று எழுந்துவிடுவார். இன்று விடியலில் போனைக் கையில் பிடித்தபடியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

அந்த விஜய்குமார் வரட்டும், நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்றிருந்தாள்.

வந்தான். மாலையை வைத்து, தரையில் விழுந்து கும்பிட்டான். எழுந்து அவள் எதிரே நின்றவன் சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தான்.

"விழிஞ்ஞம் ஹார்பர்ல ஒரு லோடு வெளிய எடுக்க முடியாம குடுங்கிப் போச்சு மாமி. ரெண்டு நாளா உறக்கமில்லை. சாரைக் கூப்பிடலாம்னு எத்தனை தடவை போனை எடுத்தேன் தெரியுமோ? 'கூப்பிட்டா நீயும் தோத்தே, நானும் தோத்தேன்'னு சார் சொல்லியிருந்தார். அதான்..." நாகேஸ்வரனைத் திரும்பிப் பார்த்தான். "கூப்பிட்டிருக்கணும், இல்லையா? குரலையாவது கேட்டிருப்பேனே. என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா மாமி?"

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மாற்றிப் போட்ட பொத்தான் கண்ணில் பட்டது. பத்மநாபா, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"சொன்னார். 'பாத்தியாடி, இன்னிக்கும் அவன் கூப்பிடவே இல்லை'ன்னு நித்தியம் அதையே சொல்லிண்டிருந்தார்."

"பெருமையாவா மாமி?"

"பின்னே?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பையில் போன் அதிர்ந்தது. பதறிப்போய் அணைத்தான். மறுபடி அதிர்ந்தது.

"எடுங்கோ."

"இல்ல மாமி, இந்த நேரத்துல..."

"அவராயிருந்தா எடுத்திருப்பார். எடுங்கோ."

வாசலில் போய் நின்று, மெல்லப் பேசத் தொடங்கினான். "ஆ, பறயூ, சொல்லு... வேண்டாம், லாரி அங்கேயே நிக்கட்டும். நான் சொல்றேன்."

சீதாலக்ஷ்மி மூலைக்குப் போனாள். வயரை உருவிச் சுற்றிவைத்தாள். கையிலெடுத்த போன் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.