புதினாத் தண்டைக் காணவில்லை

பெரியவள் கத்தியை எடுத்தாள். எதிரே கிடந்தது ஆறு கிலோ வெள்ளரிக்காய். மனதில் கிடந்தது வேறு ஆள்.

அந்த ஆள் மூன்றடி தள்ளி, அதே மேடையில், தன் பங்கு ஆறு கிலோவை நறுக்கிக்கொண்டிருந்தாள். டக் டக் டக் டக். கத்தியிலிருந்து விழுந்த ஒவ்வொரு வில்லையும் ஊதினால் பறந்துவிடும்போல அத்தனை மெல்லிசு. பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் பெரியவளின் கண் அங்கேயே போய்ப் போய் வந்தது.

"அக்கா, மணிக்கட்டு எப்படி இருக்கு? நேத்து வலிக்குதுன்னீங்களே?"

"இருக்கு. கையோடதான் இருக்கு."

சின்னவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலும் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏழு மாடி அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது அந்தக் கேண்டீன். அதில் அடுப்பே இல்லாத ஒரு மூலை. சாலட், பழம், தயிர் எல்லாம் அங்கேதான். எட்டு வருஷமாக அது பெரியவளின் ராஜ்ஜியம். மூன்று மாதம் முன்பு ஆள் தேவைப்பட்டபோது, "எங்க கொழுந்தனார் பொண்டாட்டி சும்மாதான் இருக்கா, கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டது வேறு யாருமில்லை, இதே பெரியவள்தான். வேலியில் போன ஓணானை அவள் மடியில் கட்டிக்கொள்ளவில்லை. சிபாரிசு செய்து, சம்பளம் பேசி, அடையாள அட்டையும் வாங்கிக் கொடுத்திருந்தாள்.

முதல் மாதம் ஓரகத்திகள் இருவரையும் பெரியக்கா, சின்னக்கா என்று எல்லோரும் வித்தியாசமில்லாமல் கூப்பிட்டார்கள். இரண்டாவது மாதம் நான்காவது மாடிக்காரர் ஒருவர் தட்டை நீட்டிக்கொண்டு, "இன்னிக்கு வெள்ளரிக்காய் சாலட் சின்னக்கா செஞ்சதா?" என்று கேட்டார். "இல்லை" என்றதும் அந்த மனுஷன் தட்டை இழுத்துக்கொண்டு பழத்துக்குப் போய்விட்டார். அன்றைக்குப் பெரியவளின் வயிற்றில் பற்றிய நெருப்பை அணைக்க அந்தக் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டி போதாது.

மூன்றாவது மாதம் சின்னவள் சிங்க் பக்கத்து இடத்தையும் பிடித்துவிட்டாள். உப்புப் போட்ட வெள்ளரிக்காய் தண்ணீர் விடும். சிங்க் பக்கம் என்றால் அது நேராக வடிந்து ஓடிவிடும். ஃபிரிட்ஜ் பக்கம் என்றால் வடிதட்டுக்குக் கீழே பேசின் வைத்து, நிரம்ப நிரம்பத் தூக்கிக் கொட்ட வேண்டும். எட்டு வருஷமாகப் பெரியவள் ஃபிரிட்ஜ் பக்கம்தான். அது அவளாகத் தேர்ந்தெடுத்த இடம் என்பது வேறு விஷயம்.

இன்று அந்தக் கணக்கெல்லாம் தீரும் நாள். எதிர்க் கட்டிடத்தில் புதுக் கேண்டீன் திறக்கிறார்கள். அதன் சாலட் பகுதிக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். நேற்று மேனேஜரம்மா இரண்டு பேரையும் நிற்க வைத்துச் சொல்லிவிட்டார்.

"ஆளுக்கு ஒரு பாத்திரம் வெள்ளரிக்காய் க்ரீம் சாலட். பேர் எழுத வேணாம், ஒண்ணு ரெண்டுன்னு சீட்டு வச்சாப் போதும். எது முதல்ல காலியாகுதோ, அவங்க போங்க."

மணி பத்து இருபது. இருவரும் நறுக்கி, உப்புப் பிசறி, ஆளுக்கொரு வடிதட்டில் போட்டு, ஈரத்துணியால் மூடினார்கள். பெரியவள் ஒரு புதினாத் தண்டைக் கிள்ளித் தன் வடிதட்டின் காதில் செருகினாள். சின்னவளும் தன்னுடையதில் செருகினாள்.

அது அந்த மூலையின் சட்டம். காதில் தண்டு இருந்தால் உப்புப் போட்டாயிற்று, யாரும் மறுபடி தொடக் கூடாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரே வடிதட்டில் இரண்டு பேர் உப்பைக் கொட்டி, எண்பது பேர் தண்ணீர் கேட்டு ஓடிய நாளில் அந்தச் சட்டத்தைப் போட்டவள் பெரியவள்.

அப்போதுதான் மாமியாரின் போன் வந்தது. பெரியவள் நடைபாதைக்குப் போய்ப் பேசினாள்.

"பெரியவளே, இன்னிக்குத்தானே முடிவு?"

"ஆமா அத்தை."

"சின்னவளுக்குக் கெடச்சா மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத, என்ன? அவ கைப்பக்குவம் அப்படி. உன் வீட்டுக்காரனே போன வாரம் ரெண்டாம் தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டானே!"

பெரியவளுக்குக் காதில் இருந்தது போனா, கொள்ளிக்கட்டையா என்று புரியவில்லை. பதினாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அந்த மனுஷன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கியது டவல் மட்டும்தான்.

திரும்பி வந்தாள். மூலை காலி. புதினாக் கட்டு வந்து இறங்கியிருக்கிறது என்று சின்னவள் பின்வாசலுக்குப் போயிருந்தாள். பெரிய அடுப்புப் பக்கம் மாஸ்டர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பார்க்க அவருக்கு நேரமில்லை.

சிங்க் பக்கத்து வடிதட்டு. ஈரத்துணி. காதில் ஒரே ஒரு பச்சைத் தண்டு.

ஒரு விநாடி. இரண்டு விநாடி.

பெரியவளின் கை நீண்டது. தண்டு ஏப்ரன் பாக்கெட்டுக்குள் போனது.

அவ்வளவுதான். தண்டு இல்லையென்றால் சின்னவள் மறந்துவிட்டோம் என்று நினைத்து இன்னொரு தடவை உப்பை அள்ளிப் போடுவாள். பிறகு நான்காவது மாடிக்காரர் இருக்கிறார், குடிதண்ணீர் இருக்கிறது. பெரியவள் குளிர் அறைக்குப் போய் க்ரீம் டப்பாக்களை எண்ணுவதுபோல நின்றாள். எத்தனை எண்ணினாலும் நான்குதான் வந்தது.

கால் மணி நேரம் கழித்து வந்தபோது சின்னவள் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தாள். பெரியவள் எதுவும் நடக்காதவள்போல ஃபிரிட்ஜ் பக்கம் போய், துணியை விலக்கி, ஒரு வில்லையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

அடேயப்பா! கண்ணாடி மாதிரி இருந்தது. 'இன்னிக்கு நம்ம கத்திக்கு என்ன வந்துது?' பல வாரங்களுக்குப் பிறகு அவளுக்குத் தன் மேலேயே ஒரு பிரியம் வந்தது. இரண்டு கையாலும் அள்ளிப் பிழியப் போனாள்.

"அக்கா, அக்கா! அது என்னோடது."

கை அப்படியே நின்றது.

"உங்களோடது சிங்க் பக்கம் இருக்கு. பேசின் தூக்கினா உங்க மணிக்கட்டு தாங்காதேன்னு நீங்க போன் பேசறப்பவே மாத்தி வச்சேன். சொல்ல மறந்துட்டேன்." சின்னவள் கத்தியை வைத்தாள். "ஆனா ஒண்ணுக்கா, அவசரத்துல நீங்களும் மறந்துட்டீங்க. தூக்கறப்ப நான் கவனிக்கல. பின்வாசலுக்குப் போய்ட்டு வந்து பாத்தா காதுல தண்டு இல்ல. கீழே விழுந்திருக்குமோன்னு தரையெல்லாம் தேடினேன், காணோம். சரி, உப்பே போடல போலன்னு நானே போட்டுட்டேன். ரெண்டு கை."

ஆப்பைப் பிடுங்கிய குரங்குக்கு வால் மாட்டிய விநாடியில் என்ன தோன்றியிருக்கும் என்பது பெரியவளுக்கு அன்று விளங்கியது.

அவள் சிங்குக்குப் பாய்ந்தாள். ஒரு வில்லையை வாயில் போட்டாள். துப்பினாள். "கடல்!" என்று அவளை அறியாமல் சத்தமாக வந்துவிட்டது.

சத்தம் கேட்டு மாஸ்டர் வந்தார். அவரும் ஒன்றை வாயில் போட்டார், முகம் கோணியது.

"யாரு ரெண்டாவது தடவ போட்டது?"

"நான்தான் மாஸ்டர். தண்டு இல்லைன்னு…"

"தண்டு இல்லைன்னா நாக்கும் இல்லையா? ஒரு துண்டு வாயில போட்டுப் பாக்க மாட்டியாம்மா? போட்டி வச்ச அன்னிக்குப் பாத்து அக்கா காயில உப்பக் கொட்டினா மத்தவங்க என்ன நெனப்பாங்க?"

சின்னவளின் கண் நிறைந்தது. பெரியவள் பக்கத்திலேயே நின்றாள். பாக்கெட்டுக்குள் தண்டு நசுங்கி, புதினா வாசம் மூக்கு வரைக்கும் ஏறியது. மாஸ்டருக்கும் வந்திருக்கும். ஆனால் புதினா இல்லாத இடத்தில் வந்தால்தானே சந்தேகம்!

மாஸ்டர் போனதும் சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அழுதா உப்பு இன்னும் கூடும்கா. வாங்க, உங்க காயை மூணு தண்ணியில அலசுவோம். என்னோடதையும் அதுலயே கொட்டிக் கலந்து, ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம்."

'பாவி! நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே!' பெரியவளுக்கு வந்தது நன்றி இல்லை. வயிற்றெரிச்சலுக்கு மேல் இன்னொரு வயிற்றெரிச்சல்.

அலசினார்கள். பிழிந்தார்கள். பெரியவளால் முடியாத கடைசிப் பிழியலைச் சின்னவள் பிழிந்து கொடுத்தாள். பிறகு ஆளுக்கொரு மூலை. கெட்டித் தயிர், க்ரீம், எலுமிச்சை, மிளகு, புதினா, கொத்தமல்லி, வெங்காயத்தாள். இருவருக்கும் ஒரே சாமான். கலக்கும் கை மட்டும் வேறு.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு மேனேஜரம்மா வந்தார். மாஸ்டர் அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் முகம் இறுகியது.

"சின்னக்கா, தெரியாமத்தான் செஞ்சிருப்பீங்க. ஆனா அடுத்தவங்க காயில கை வைக்கறவங்களப் பொறுப்புல உக்கார வைக்க முடியாது. உங்க பாத்திரம் வெளிய போக வேணாம். பெரியக்கா, புதுக் கேண்டீன் உங்களுக்குத்தான்."

ஜெயித்தாயிற்று. வாயைத் திறக்காமலேயே ஜெயித்தாயிற்று.

பெரியவள் மேடையில் இருந்த இரண்டு பாத்திரங்களையும் பார்த்தாள். ஒன்று வெளியே போகும். மற்றது மூடியோடு உள்ளே கிடக்கும். அப்புறம் ஆயுள் முழுக்க மாமியார் சொல்லுவாள்: 'அன்னிக்கு மட்டும் சின்னவ பாத்திரம் வெளிய போயிருந்தா…' கணவனும் தலையாட்டுவான். சின்னவள் எதுவும் சொல்ல மாட்டாள், அதுதான் இன்னும் மோசம். எது முதலில் காலியாகியிருக்கும் என்பது கடைசி வரைக்கும் தெரியாது. தெரியாமல் எப்படித் தூங்குவது?

அவள் பாக்கெட்டில் கையை விட்டு, நசுங்கிய புதினாத் தண்டை எடுத்து மேடையில் வைத்தாள்.

"இத நான்தான் புடுங்கினேன். அவளோடதுன்னு நெனச்சுப் புடுங்கினேன். ரெண்டு பாத்திரமும் வெளிய போகட்டும்."

மேனேஜரம்மா தண்டைப் பார்த்துவிட்டு, இரண்டுக்கும் சேர்த்துத் தலையசைத்தார். சின்னவள் தண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"மாஸ்டர் என்னத் திட்டறப்ப பக்கத்துலதானே நின்னீங்க?"

"நின்னேன்."

"அதான்கா மனசு ஆறல." தன் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு முதலில் வெளியே போனாள்.

ஒன்றாம் நம்பர் பெரியவளுடையது, இரண்டு சின்னவளுடையது. கதவு இடுக்கில் நின்று பெரியவள் கண் கொட்டாமல் பார்த்தாள். கரண்டிகள் இறங்கின, ஏறின. ஒன்றில் பாதி, இரண்டில் பாதி. ஒன்றில் கால், இரண்டில் கால். நான்காவது மாடிக்காரர் வந்தார். நம்பரைப் பார்த்தார், முகர்ந்தார், ஒன்றில் ஒரு கரண்டி போட்டுக்கொண்டார்! ஐந்து நிமிஷத்தில் அதே ஆள் திரும்பி வந்து, இரண்டை ஒட்ட வழித்துக்கொண்டு போனார்.

ஒன்றில் மூன்று கரண்டி மிச்சமிருந்தது. மூன்றே மூன்று.

"சின்னக்கா திங்கட்கிழமை எதிர்க் கட்டிடம்," என்றார் மேனேஜரம்மா. "பெரியக்கா ஒரு மாசம் வெங்காயம் உரிங்க. அந்தத் தண்டுக்கு."

உள்ளே சின்னவள் காலிப் பாத்திரத்தைக் கழுவப் போனாள். பெரியவள் அதைக் கையிலிருந்து பிடுங்கி, ஓரத்தை விரலால் வழித்து வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். இருந்தது. என்னவோ இருந்தது.

"என்னடி போட்ட இதுல?"

சின்னவள் குழாயைத் திறந்துவிட்டு, கரண்டியைக் கழுவினாள். கழுவி முடித்துத் துடைத்தும் ஆயிற்று.

"சொல்லிட்டுத்தான் போயேன்."

"எட்டு வருஷம் செஞ்சவங்க நீங்க. நாக்கு இருக்கில்ல, கண்டுபிடிங்க." ஏப்ரனை அவிழ்த்து மாட்டிவிட்டு, வாசலில் நின்று திரும்பினாள். "வெங்காயத்தாளையும் புதினாவையும் காலையிலேயே க்ரீம்ல ஊறப்போடணும், கடைசில தூவக் கூடாது. வீட்ல இதையெல்லாம் சொல்ல மாட்டேன்க்கா. ஆனா உங்ககூடப் பேசறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்."

போய்விட்டாள்.

பெரியவள் தனியாக நின்றாள். தன் வடிதட்டை எடுத்தாள். ஃபிரிட்ஜ் பக்கம் வைக்கப் போனவள் நின்றாள், திரும்பினாள், சிங்க் பக்கம் கொண்டுபோய் வைத்தாள். எட்டு வருஷத்தில் முதல் தடவை. பிறகு கத்தியை எடுத்து, மிச்சமிருந்த ஒரே ஒரு வெள்ளரிக்காயை நறுக்கி, ஒரு வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

தடிமன்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததை நறுக்கினாள்.