மாசிக்கு முன்னால் பிறந்தவள்

ஆறு வருடமாக எட்டிப் பார்க்காத மனிதன், எழுபத்தைந்தாம் வருடம் சித்திரையில் ஜீப்பு பிடித்துக் குரங்கணிக்கு வந்தான். ஏலத்தோட்டத்தில் களையெடுத்துவிட்டு இறங்கி வந்த பாண்டியம்மாளை மறித்து நின்றான். வயல் வேலைக்குப் போன இடத்தில் ஆசை காட்டிவிட்டு, வயிற்றில் பிள்ளை என்றதும் "எவன் புள்ளையோ" என்று வாசலில் வைத்துக் கேட்டானே, அதே வேலுச்சாமிதான். தாலியும் இல்லை, சாட்சியும் இல்லை. அன்றைக்கு மலையேறியவள், பிறகு அவன் தெருவை மிதிக்கவே இல்லை.

"புள்ள என்னுதுதான்னு பத்திரம் எழுதித் தர்றேன். போடிக்கு வந்து நீ ஒரு கைநாட்டு வச்சாப் போதும்" என்றான்.

சோழியன் குடுமி சும்மா ஆடுமா? பத்திரத்தைக் காட்டிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால்? அவளுக்கென்று இருப்பது அந்த ராமுத்தாய் ஒருத்திதான்.

இன்னொன்றும் உறுத்தியது. பிள்ளையின் பெயரைக்கூட அவன் கேட்கவில்லை. "எழுபதாம் வருசம் மாசிக்கு முன்னாலயா, பின்னாலயா பொறந்தா?" என்றுதான் கேட்டான். "அதுக்கு முந்துன மார்கழியில" என்றதும், அப்பாடா என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அடப்பாவி, மாசியில் அப்படி என்ன இருக்கிறது? இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வைகாசி கழிந்தால் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமே, தகப்பன் பெயரை வாத்தியார் கேட்பாரே! பிள்ளையைப் பக்கத்து வீட்டுக் குருவம்மாளிடம் விட்டு, கதவைத் தாழ் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள்.

போடியில் பத்திரம் எழுதும் பிச்சைமணி காகிதத்தோடு தயாராக இருந்தார்.

"வெரசா வையி, சோலி கெடக்கு" என்றான் வேலுச்சாமி.

"முழுசும் வாசிங்கண்ணே" என்றாள் அவள் பிச்சைமணியிடம்.

"வாசிச்சா ஒனக்கு என்ன வெளங்கும்?" வேலுச்சாமி சீறினான்.

"வெளங்காட்டியும் வாசிங்கண்ணே."

வாசித்தார். 'மேற்படி பெண் குழந்தை என் மகள்' என்பது வரைக்கும் சரி. 'நில உச்சவரம்பு ஆபீசில் தாக்கல் செய்ய' என்று வந்ததும் அவள் கை நீட்டி நிறுத்தினாள்.

"அது என்னண்ணே?"

பிச்சைமணி வாயில் எதுவும் தங்காது. "அளவுக்கு மேல நெலம் வச்சிருந்தா சர்க்காரு எடுத்துக்கும்னு சட்டம் வந்திருக்குல்ல தாயி. குடும்பத்துல அஞ்சு பேருக்கு மேல ஒரு தலை கூடுனா, அஞ்சு ஏக்கரு கூட வச்சுக்கலாம். அந்தத் தலை மாசிக்கு முன்னால பொறந்திருக்கணும். திங்கக்கெழம வேலுச்சாமி அண்ணனுக்கு விசாரணை."

பாண்டியம்மாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது; பிறகு ஆத்திரம் பொங்கியது. தூ, ஐந்து ஏக்கருக்காகவா என் பிள்ளை! ஆனால் பிள்ளையைப் பறித்துவிடுவானோ என்ற பயம் விட்டது. இவனுக்கு வேண்டியது பிள்ளையின் தலைக்கணக்கு மட்டும்தான்.

"ராமுத்தாயி ஆத்தாகிட்டதான் வளருவான்னு சேத்து எழுதுங்கண்ணே. ரெண்டு பத்திரமா எழுதுங்க. ஒண்ணு எங்கிட்ட இருக்கணும்."

"ஏய், ரொம்பப் பேசாத."

"அப்பச் சரி, நான் மலைக்குப் போறேன்" என்று எழுந்தாள்.

வேலுச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினான். அன்றைக்கே இரண்டு பத்திரமும் பதிவாயின. அவள் தன்னுடையதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அவன் குரலைத் தாழ்த்தினான். "இதச் சாக்கா வச்சு எங்க வாசப்பக்கம் வந்துறாத. எம் மகங்க சும்மா இருக்க மாட்டாங்க."

"நான் எதுக்கு வர்றேன்?" என்றாள் பாண்டியம்மாள். "ஒங்க மகதான் வருவா, அவளோட அஞ்சு ஏக்கரு எங்கன கெடக்குன்னு பாக்க."