கடலட்டைக்குத் தராசு இல்லை

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே யசிந்தாவின் திரையில் பிழை காட்டும் சிவப்புக் கோடு விழுந்துவிட்டது. குழந்தை பிறந்தபின் சில வருடம் வீட்டிலிருந்தவள், யாழ்ப்பாண நகரிலுள்ள இந்தச் சின்ன மென்பொருள் நிறுவனத்தில் அண்மையில்தான் சேர்ந்திருந்தாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மீனவர் சங்கம் ஒன்றுக்காக ஏல மென்பொருள் தயாராகிக்கொண்டிருந்தது.

எல்லா ஏலங்களுக்கும் பொதுவான நிரலை, 'ஏலம்' என்ற மூல வகுப்பை (கிளாஸ்), குழுத்தலைவர் ஜெயரூபன் எழுதியிருந்தார். அது அருவமானது, தனியாக இயங்காது. மீன் ஏலம், இறால் ஏலம் என்று ஒவ்வொன்றும் அதை நீட்டித்துத்தான் உயிர்பெறும். எந்தப் பொருளை ஏலம் விடுவது என்ற இடத்தை வெறுமையாக விட்டு, ஓர் எல்லை மட்டும் வைத்திருந்தார்: உள்ளே வருவது நிறுக்கக்கூடியதாக இருக்கவேண்டும். யசிந்தா அதை நீட்டித்துக் கடலட்டை ஏலம் எழுதினாள். கணினி மறுத்தது. இந்தச் சங்கத்தாரின் கரையில் அட்டையை நிறுப்பதில்லை; எண்ணித்தான் விற்பார்கள்.

"எல்லையை எடுத்துவிடும். பின்னேரம் சங்கத்து ஆக்கள் வருகினம்," என்றார் ஜெயரூபன்.

"எடுத்தா ஐஸ் பெட்டியும் ஏலத்துக்கு வந்திடும், அண்ணை."

"அப்ப அட்டைக்கு ஏதாவது ஒரு நிறையைக் குடும். ஆர் பாக்கப்போகினம்?"

அவளுடைய தம்பி கொலின்ஸ் அட்டை பிடிக்கக் கடலில் சுழியோடுகிறவன். அந்தப் பொய் நிறை யாருடைய உழைப்பில் குறையும் என்பது அவளுக்குத் தெரியும்.

"எல்லை வேணும் அண்ணை. ஆனா இந்த எல்லை பிழை. நிறுக்கிறது எண்டில்லாமல் அளக்கிறது எண்டு வைப்பம். கிலோவோ எண்ணிக்கையோ, அந்தந்தப் பொருளே சொல்லட்டும்."

"என்ரை கிளாஸிலை கைவைக்கப் போறீரோ?"

"ஓம்."

அவர் குனிந்து அவளுடைய திரையைப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்து அவள் பக்கத்தில் போட்டார்.

"மீன் ஏலம் உடையாமல் பாரும். இறாலை நான் பாக்கிறன்."

எல்லையை மாற்றியதும் முதலில் எல்லாமே சிவந்தது. பிறகு ஒவ்வொன்றாக அடங்கியது. சாப்பாட்டுப் பார்சல்கள் பிரிக்காமலே கிடந்தன.

சங்கச் செயலாளர் மார்கிரட் வந்து தானே தட்டச்சு செய்து பார்த்தார். பாரை மீனுக்கு 'எத்தனை கிலோ?' என்று கேட்டது. கடலட்டைக்கு 'எத்தனை அட்டை?' என்று கேட்டது. அவர் முகம் மலர்ந்தது.

"ஆர் பிள்ளை, எங்கடை கரையைத் தெரிஞ்ச ஆளோ எழுதினது?"

ஜெயரூபன் யசிந்தாவைக் காட்டினார்.

"அப்ப நண்டு?" என்றார் மார்கிரட். "பெரிய நண்டை ஒவ்வொண்டா விப்பம். சின்னதை நிறுப்பம்."

ஜெயரூபனும் யசிந்தாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. யசிந்தா புதிய கோப்பொன்றைத் திறந்து 'நண்டு' என்று எழுதினாள். வெள்ளைத் திரையில் அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பக்கத்தில் சுட்டுக்கோடு மின்னி மின்னி நின்றது. மார்கிரட் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னும் கிட்ட வந்தார்.