ஒற்றை மணி

ஞாயிறு பூசையில் குருவானவர் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்ற நேரம் பார்த்து, அலுவலகப் பொறுப்பாளர் நிக்கொலஸ் சேரின் சட்டைப்பைக்குள் கைபேசி கத்தத் தொடங்கிவிட்டது. கோயிலே திரும்பிப் பார்த்ததாம். மறுநாள் காலை கல்பிட்டி அலுவலகத்துக்கு வந்தவர் கதிரையில்கூட உட்காராமல் நேரே ஃபர்ஸானாவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"பிள்ளை, உந்தச் சனியனுக்கு ஒரு முடிவு கட்டும். கரண்ட் போனாலும் கத்துது, வந்தாலும் கத்துது. உண்மையா ஒண்டு நடந்தா ஆர் திரும்பிப் பாக்கப்போறது?"

அவர் சொன்னதில் பிழையில்லை. மீனவர் சங்கங்கள் சேர்ந்து நடத்திய சின்ன அலுவலகம் அது. பின்னறையில் ஐந்து சேர்வர்கள் இருந்தன. காற்றுக் கிளம்பப்போகிறது என்று வானிலைச் செய்தி வந்தால் அவை அதைக் கடலில் நிற்கும் படகுகளுக்கு அனுப்பும். ஒவ்வொரு படகிலும் பூட்டியிருக்கும் சிவப்புப் பெட்டி ஊளையிடும். கைபேசி எட்டாத தூரத்திலும் பெட்டிக்குக் கேட்கும். அந்த ஐந்தும் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் ஃபர்ஸானாவின் வேலை. அதுவோ மின்வெட்டுக் காலம். ஒவ்வொரு வெட்டுக்கும் ஐந்து இயந்திரங்களும் தனித்தனியே ஒப்பாரி வைத்துச் செய்தி அனுப்ப, அவளும் சேரும் அவற்றைப் பார்க்காமலே அழிக்கப் பழகிவிட்டார்கள். அழிக்கும்போது அவளுக்கு ஒவ்வொரு முறையும் பயமாகத்தான் இருந்தது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய கணவன் இன்சாப் கண்டக்குழியிலிருந்து கடலுக்குப் போகிறவன். அவன் படகிலும் அந்தப் பெட்டி இருந்தது. "மத்தவன்மாருக்கு வானத்தப் பாக்கணும். எனக்கு என்னத்துக்கு? என்ட பொண்டாட்டி கரையில முழிச்சிட்டிரிக்காள்" என்று கடற்கரை மீன்வாடியில் பெருமையடிப்பானாம். அதைக் கேள்விப்படும்போதெல்லாம் அவளுக்கு வெட்கம் வரும், பின்னறைக்குப் போய் ஐந்தையும் இன்னொருமுறை பார்த்துவிட்டு வருவாள்.

இயந்திரங்களைக் கண்காணிக்கும் மென்பொருள்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். முதலாவது வெளிநாட்டுக்காரனுடையது. அழகோ அழகு. ஆனால் டொலரில் கட்டச் சொன்னது. நாட்டில் டொலர் இருந்தால்தானே. இரண்டாவது இலவசம். திரை நிறையப் பச்சையும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடும், நாள் முழுக்க ஒருவர் வேலைவெட்டியில்லாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதைவிட, அது ஓடுவதே அந்த ஐந்தில் ஒன்றுக்குள்தான். இயந்திரம் படுத்தால் காவல்காரனும் பக்கத்திலேயே படுத்துக்கொள்வான். வேலிக்கு ஓணான் சாட்சி. மூன்றாவது, பிழை நடந்தால் மட்டும் வாய் திறக்கும் வகை. நிக்கொலஸ் சேருக்கு அது நன்றாகப் பிடித்துப்போயிற்று. அவளுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். சத்தமில்லை என்றால் சுகமாக இருக்கிறது என்று எடுப்பதா, செத்துக் கிடக்கிறது என்று எடுப்பதா?

கடல்காரர் வீடுகளில் அதற்கு ஒரு வழி ஏற்கனவே இருந்தது. கரை சேர்ந்ததும் ஒரு மிஸ்ட் கோல். ஒரே மணி, உடனே வைத்துவிட வேண்டும். செலவில்லை, கதையில்லை. அந்த மணி விழுந்தால் கண்டக்குழிப் பெண்கள் அடுப்பில் சோற்றுப்பானையை ஏற்றுவார்கள். விழாவிட்டால் முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு கடற்கரைக்கு நடப்பார்கள். இன்சாப்பின் மணி விழும்போது ஃபர்ஸானாவின் தோள்கள் தாமாகவே இறங்கும். காலையிலிருந்து அவற்றைத் தூக்கிப் பிடித்திருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரியவரும்.

பழைய ஒப்பாரிச் செய்திகளை நிறுத்திவிட்டு அதையே இயந்திரங்களுக்கும் வைத்தாள். ஐந்தும் ஒன்றையொன்று தொட்டுப் பார்த்து, எல்லாம் சுகமென்றால் பிற்பகல் அஸர் பாங்குக்குச் சற்றுப் பின்னால் அவள் கைபேசிக்கு ஒரே ஒரு மணி அடிக்கும். விழாவிட்டால் ஓடிவந்து பார்க்க வேண்டும். படுத்ததை எழுப்பிவிட்டாலும் அப்படியே ஒரு மணி.

"ஒரு நாளைக்கு ஒருக்காக் காணுமோ, பிள்ளை?" என்று கேட்டார் சேர்.

"காணும் சேர். கூடினா திரும்பவும் பாக்காமத்தான் விடுவம்."

"உம்மட மனுசன்ட கோலும் இதுவும் ஒரே சத்தமெல்லோ? இதுக்கு வேற பாட்டொண்டு போடுமன்."

"அவர் பகல் லுஹருக்கு முந்தியே கரைக்கு வந்துருவார் சேர். இது அஸருக்கு. மாறாது."

வேறு சத்தம் வைத்தும் பார்த்தாள்தான். மணி விழும், மண்டைக்கு விளங்கும், தோள்கள் மட்டும் இறங்கமாட்டேன் என்று நின்றன. பழைய மணியையே திரும்ப வைத்தாள்.

சில வாரங்கள் அலுவலகம் பள்ளிவாசல்போல் அமைதியாகக் கிடந்தது. பிறகு சோளகக் காற்றுப் பிடிக்கப்போகும் நாட்கள் வந்தன. கரைப்பக்கம் மீன் அற்றுப்போனது. அன்று விடியலில் இன்சாப் எண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டே சொன்னான்:

"இண்டைக்குத் தூரப் போறன். பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் வருவன். காத்துக் கிளம்பினா நீ பெட்டியக் கத்த வைப்பாய்தானே."

"இன்ஷா அல்லாஹ்" என்றாள்.

நண்பகலில் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் இருமி இருமிப் பிடித்துக்கொண்டது. பழைய நாளென்றால் கைபேசிகள் இரண்டும் துள்ளிக் குதித்திருக்கும். இப்போது ஒரு சத்தமுமில்லை. "நிம்மதி, என்ன?" என்றார் நிக்கொலஸ் சேர். சங்கக் கூட்டத்துக்கான வேலையில் இரண்டுபேரும் அவருடைய அறையில் உட்கார்ந்தார்கள். வெளியே யன்னல் கதவொன்று அடிபடத் தொடங்கியது. அவள் எழும்பிப்போய்க் கொளுக்கியைப் போட்டுவிட்டு வந்தாள். தென்னோலைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றதைக் கண்டாள். கண்டும், மணி விழட்டும் என்று இருந்துவிட்டாள்.

பக்கத்து அறையில் அவள் மேசைமேல் சார்ஜில் கிடந்த கைபேசி ஒருமுறை அடித்து நின்றது.

"விழுந்திட்டுது" என்றார் சேர்.

அவள் எழும்பவில்லை. தோள்கள் இறங்கின. கொஞ்சம் தேநீர்கூடக் குடித்தாள். ஜெனரேட்டரின் இரைச்சலுக்கும் காற்றுக்கும் இடையில் அஸர் பாங்கு எழுந்தது.

"மோதினார் இண்டைக்குப் பிந்திட்டார் போல. மெஷின் அவர முந்திட்டுது" என்று சொல்லிச் சிரித்தாள்.

சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். மோதினார் பிந்தவில்லை. இயந்திரத்துக்கு முந்தத் தெரியாது. கோப்பையை வைத்தாளா விழுத்தினாளா என்று அவளுக்கு நினைவில்லை, கைபேசி கையில் இருந்தது. திரையில் இன்சாப்பின் பெயர்.

திருப்பி அழைத்தாள். தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு பெண்குரல் மூன்று மொழியிலும் வருந்தியது. பாங்கு முடிந்து, அதற்குமேலும் நேரம் போயிற்று. இயந்திரங்களின் மணி விழவே இல்லை. பின்னறைக்குள் ஓடினாள். படகுகளுக்கு அனுப்பும் இயந்திரம் ஜெனரேட்டர் பிடித்த அந்த நேரத்திலேயே உறைந்துபோய் நின்றது. காற்றுச் செய்தி எப்போதோ வந்து, அனுப்ப நாதியில்லாமல் காத்துக்கிடந்தது.

"யா அல்லாஹ், நானே கேட்டு வாங்கின அமைதி" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியாது.

நிக்கொலஸ் சேர் அவளை விலக்கிவிட்டு இயந்திரத்தின் முன்னால் குந்தினார். "நான் எழுப்பிறன். நீர் ஓடும், பிள்ளை."

முச்சக்கரவண்டி கண்டக்குழிக்குப் போய்ச் சேரும்போது கடல் ஈயநிறமாகிவிட்டது. சுற்றுலா விடுதியின் ஓலைக்கூரை ஒன்று கழன்று மணலில் புரண்டது. கரையில் பெண்கள் நின்றார்கள். அன்று இன்சாப்போடு அதே தூரத்துக்குத் தொழிலுக்குப் போன அஹமட் நானா, ஆட்களோடு தன் படகை மேலே இழுத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கயிற்றை விட்டார்.

"ஒங்கட பெட்டி இண்டைக்கு வாயே தொறக்கல்லயே, புள்ள. நாங்க வானம் கறுத்து வாறதக் கண்டுட்டுத் திருப்பினம். இன்சாப்பயும் கூப்பிட்டம். பெட்டி கத்தட்டும், வாறன் எண்டு நிண்டுட்டான்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குத் தாங்க முடிந்திருக்கும். அலைகள் உடையும் இடத்துக்கு அப்பால் எதையாவது கண்டுவிட மாட்டோமா என்று பார்த்தாள். மழை ஒரு சுவராக நின்றது, அதற்குள் ஒன்றும் தெரியவில்லை. அந்த ஒற்றை மணியில் அவன் என்ன சொல்ல வந்தான்? வருகிறேன் என்றா, பெட்டிக்கு என்ன நடந்தது என்றா? தான் எழும்பிப்போய் எடுத்திருந்தால்? அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

மடியில் கிடந்த கைபேசி அடித்தது. ஒரே ஒரு மணி. நின்றது.

பெண்கள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கல்பிட்டியில் சேர் இயந்திரத்தை எழுப்பிவிட்டிருப்பார். அல்லது எங்கேயோ ஒரு கரையில் அவன் காலை ஊன்றியிருப்பான். அவளுடைய உடம்புக்கு இரண்டும் ஒரே சத்தம்தான். தோள்கள் அவளைக் கேட்காமலே இறங்கிவிட்டன. திரையைப் பார்க்காமல் கைபேசியைக் குப்புறக் கவிழ்த்து இரு கைகளாலும் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் கொஞ்ச நேரம் வெளிச்சம் தெரிந்தது.